எப்போதும் மூணு இருபது

கல்யாணமான இரண்டாம் வருடம் எங்கள் வீட்டில் பதினொரு கைக்கடிகாரங்கள் இருந்தன. எல்லாம் பழையவை, எல்லாம் சாவி கொடுக்கிறவை, எல்லாம் ஓடின. ஆனால் அவற்றில் இரண்டு ஒரே நேரத்தைக் காட்டியதாக எனக்கு நினைவில்லை. "இப்ப மணி என்னங்க?" என்று அடுக்களையிலிருந்து என் மனைவி கேட்பாள். "எதுல?" என்று நான் கேட்பேன். கிண்டலுக்குக் கேட்டதில்லை. ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் முந்தும், எத்தனை நிமிடம் பிந்தும் என்பது எனக்கு மனப்பாடம். எதைப் பார்த்துச் சொல்வது என்று தெரிந்தால்தான் கூட்டிக் கழித்துச் சொல்ல முடியும். சில மாதங்களில் அவள் என்னிடம் கேட்பதையே நிறுத்திவிட்டாள். பக்கத்துத் தொழிற்சாலையின் சங்கு ஊதினால் உலை வைப்பாள். உலை கொதிக்கிற சத்தத்தில் அரிசி போடுவாள். அதற்கு மேல் அவளுக்கு நேரம் தேவைப்படவில்லை.

சாத்தூரிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவன் நான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் வருடங்கள் அவை. செல்போன் மேஸ்திரிகள் கையில் வந்திருந்தது, எங்கள் கைக்கு வரவில்லை. ஓசூரில் பேட்டரி வாட்ச் செய்கிற வேலைக்குப் போகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். அந்த ஊரில் ஒருவன் முப்பது வருடத்துப் பழைய வாட்ச்சைக் கட்டிக்கொண்டு காலையில் அதற்குச் சாவி கொடுத்துக்கொண்டு நின்றால் எப்படிப் பார்ப்பார்கள்? நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அந்த பேட்டரி வாட்ச் வேலையில் இருந்தவர். என் மணிக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கும். ஒரு நாள் தாங்க முடியாமல், "நம்ம ஊர் தண்ணி குடிச்சிகிட்டு இத கட்டலாமா சார்?" என்று கேட்டார். நான் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

முதல் வாட்ச்சை ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங்கினேன். பழைய பூட்டு, ரேடியோ திருகு, கண்ணாடி இல்லாத டார்ச் லைட் இவற்றுக்கு நடுவே அது கிடந்தது. சும்மா எடுத்துச் சாவிக் குமிழைத் திருகிக் காதில் வைத்தேன். உள்ளே யாரோ அவசரமாக நடக்கிற மாதிரி சத்தம். அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொரு வாரமும் போனேன். ஒரு கண்ணில் மாட்டுகிற லென்ஸ், இரண்டு இடுக்கி, சின்ன ஸ்க்ரூ டிரைவர்கள், கழுவுவதற்கு வெள்ளைப் பெட்ரோல் என்று சாமான்கள் சேர்ந்தன. முதலில் இரண்டு வாட்ச்சைக் கழற்றி மறுபடி சேர்க்க முடியாமல் கெடுத்தேன். மூன்றாவது ஓடியது. அன்றைக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை. இதை மனைவியிடம் சொல்லிவிட்டேன். அது தப்பு.

என் வேலை கிரைண்டிங் பிரிவில். இரும்பு மேசையில் மின்காந்தம் இருக்கும். ஸ்விட்ச் போட்டால் உருப்படியை அப்படியே கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் முதல் ஷிப்டுக்கு ஆறு மணிக்கு உள்ளே போனவன், என் வாட்ச் கணக்கில் மூன்றரைக்கு வெளியே வந்தேன். வெளியே எல்லோருக்கும் மணி இரண்டு. வாட்ச்சுக்குள் இருக்கிற மயிரிழை போன்ற சுருள்கம்பியில் காந்தம் ஏறிவிட்டால் அது வெறி பிடித்த மாதிரி ஓடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. மருந்தும் அங்கேயே இருந்தது. அரைத்து முடித்த உருப்படிகளிலிருந்து காந்தத்தை இறக்க ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். மறுநாள் வாட்ச்சை அதன் மேல் வைத்து மெல்ல மேலே தூக்கினேன். சரியாகிவிட்டது.

இதைச் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். சேலத்துக்காரர். "என்னப்பா, ஆரத்தி காட்டிட்டிருக்க?" என்றார். விளக்கினேன். மறுநாள் அவரே ஒரு பழைய வாட்ச்சைக் கொண்டுவந்தார். அதற்கு மறுநாள் கேண்டீனிலிருந்து ஒருவர் வந்தார். அந்தப் பெட்டிக்கு ஏதோ குணப்படுத்தும் சக்தி இருக்கிறது என்று பேச்சு பரவி, எங்கள் பிரிவில் முதுகுவலிக்காரர் ஒருவர் பெட்டியின் மேல் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். கேட்டதற்கு, குறைஞ்ச மாதிரிதான் இருக்கு என்றார்.

நான் சொல்ல வந்தது ராயக்கோட்டை வாட்ச்சைப் பற்றி.

ஒரு விடுமுறை நாளில், தொக்குக்குத் தக்காளி மொத்தமாக வாங்கலாம் என்று மனைவி சொன்னதால் இருவரும் ராயக்கோட்டை மண்டிக்குப் போனோம். மதியம் மூன்று மணி இருக்கும். தக்காளிப் பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. விவசாயிகள், வியாபாரிகள், லாரிக்காரர்கள் எல்லோரும் ஒரு மனிதரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏலம் விடுபவர். ஐம்பது வயதுக்குப் பக்கம், வெள்ளைச் சட்டை, கனத்த உடம்பு. தெலுங்கு வீட்டில் பேசுகிறவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஒரே மூச்சில் விலை கூவுவார். அவர் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று, இடது கையை முகத்துக்கு நேரே உயர்த்தி, மணிக்கட்டைப் பார்த்து, "மூணு இருபது ஆச்சு" என்றார். ஏலம் தொடங்கியது.

எனக்குத் தக்காளி மறந்துபோயிற்று. அவர் கையில் இருந்தது ஸ்விஸ் ஆட்டோமேட்டிக். கையை ஆட்டினாலே தானாகச் சாவி ஏறிக்கொள்கிற வகை. வெள்ளையாக இருந்த முகப்பு வருடக் கணக்கில் பழுத்து டீ நிறத்துக்கு வந்திருந்தது. விநாடி முள்ளின் நுனி மட்டும் சிவப்பு. அப்படி ஒன்றை நான் யார் கையிலும் பார்த்ததில்லை. ஏலம் முடிகிறவரை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் கவனித்தேன். ஏலம் முடிந்தபோதும் அதில் மணி மூணு இருபதுதான்.

பக்கத்தில் போய், "அண்ணே, உங்க வாட்ச் நின்னுபோயிருக்கு" என்றேன்.

"ஆமா" என்றார். "ரொம்ப வருசமா ஓடல."

"அப்ப ஏலத்துக்கு நேரம் பாத்தீங்களே?"

"மூணு இருபதுக்கு ஏலம். அதுல மூணு இருபதுதான காட்டுது?"

அவர் முகத்தில் குறும்பு எதுவும் இல்லை. பக்கத்தில், பேரிகை என்கிற ஊரிலிருந்து தக்காளி கொண்டுவரும் ஒரு அம்மா நின்றிருந்தார். அவர்தான் எனக்கு விளக்கிச் சொன்னார். லாரி வரத் தாமதமானால் மூணு இருபதும் தாமதமாக ஆகும். எல்லோரும் சீக்கிரம் வந்துவிட்டால் மூணு இருபதும் சீக்கிரம் ஆகிவிடும். மழை நாளில் ஐந்து மணிக்குக்கூட ஆகியிருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை.

வாட்ச்சை விலைக்குத் தருவாரா என்று ஏலக்காரரிடம் கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டினார். அது அவர் கல்யாணத்தில் மாமனார் போட்டது. மாமனார் பேரிகையில் நன்றாக இருக்கிறார். மாசத்துக்கு ஒரு தடவை மண்டிக்கு வந்து, முதலில் மருமகன் கையைத்தான் பார்ப்பார். கையில் வாட்ச் இல்லையென்றால் வீட்டில் பேச்சு வார்த்தை இருக்காது.

"சரிண்ணே. ஒரு வாரம் குடுங்க, ஓட வச்சுத் தர்றேன். காசு வேண்டாம்."

"என்னாத்துக்கு சார்? நான் ஓடலன்னு அழுதனா?"

நான் உண்மையைச் சொன்னேன். ஒரு வாரம் அது என் கையில் இருக்கும், எனக்கு அது போதும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, கழற்றிக் கொடுத்தார். நாங்கள் தக்காளி வாங்காமல் ஊர் திரும்பினோம்.

அந்த வாரம் முழுக்க நான் அதோடுதான் இருந்தேன். உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. ஏதோ பூச்சியின் கால் ஒன்று பல்சக்கரத்தில் சிக்கியிருந்தது. கழுவி, எண்ணெய் வைத்துச் சேர்த்தேன். அரைவட்டத் தகடு ஒன்று உள்ளே சுழல வேண்டும். கையில் வைத்து ஆட்டியபோது அது வழுக்கிக்கொண்டு சுற்றியது. சிவப்பு நுனி முள் புறப்பட்டது. நாலு நாள் அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். காந்த மேசைப் பக்கம் போகும்போது கழற்றி டிபன் பாக்ஸுக்குள் வைத்துவிடுவேன். ஒரு நாளைக்கு நாலு விநாடிகூடத் தவறவில்லை. என் பதினொன்றும் வீட்டில் ஆளுக்கொரு நேரம் சொல்லிக்கொண்டு கிடந்தன.

திருப்பிக் கொடுக்கப் போனபோது ஏலம் தொடங்கும் நேரம். அவர் பெட்டி மேல் ஏறி, வாட்ச் இல்லாத கையை உயர்த்திப் பார்த்தார். வருடக் கணக்கில் வெயில் படாத இடத்தில் வாட்ச் வடிவத்திலேயே வெளுத்த தோல் இருந்தது. அதைப் பார்த்து, "மூணு இருபது ஆச்சு" என்றார். ஏலம் எப்போதும்போல நடந்தது.

அன்றைக்கே நான் வாட்ச்சை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடியிருக்க வேண்டும். கொடுத்துவிட்டேன். அவர் காதில் வைத்துக் கேட்டார். "ஓடுது" என்றார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

மறுவாரம் முதல் ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து, வாட்ச் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். எல்லோரும் வந்தாயிற்று. லாரிகள் நிற்கின்றன. பெட்டிகள் வெயிலில் கிடக்கின்றன. ஏலக்காரர் பெட்டி மேல் நின்று வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரம்பிப்பா" என்றார் ஒரு வியாபாரி.

"இன்னும் ஆவல. பன்னெண்டு நிமிசம் கீது."

"எல்லாரும்தான் வந்துட்டமே."

"மணி ஆவலியே."

பன்னிரண்டு நிமிடம் அத்தனை பேரும் வெயிலில் சும்மா நின்றோம். ஒருவர் கொட்டாவி விட்டது எனக்கு இன்றும் கேட்கிறது. முந்தைய நாள் இதைவிட மோசமாம். மழை பெய்திருக்கிறது. மூணு இருபதுக்கு மண்டியில் ஒன்பது பெட்டி தக்காளியும் ஒரு வியாபாரியும்தான். மணி ஆகிவிட்டது என்று ஏலத்தைத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். அதற்கப்புறம் வந்தவர்கள் தக்காளியோடு நின்றிருக்கிறார்கள். பேரிகை அம்மாவும் அதில் ஒருவர். அவர் என்னைப் பார்த்ததும் நேராக வந்தார்.

"நீதான வாட்ச்ச ரிப்பேர் பண்ணது?"

"ஆமாங்கம்மா."

"இத்தினி வருசமா நான் வந்து எறங்கனப்புறம்தான் மூணு இருபது ஆவும். இப்ப என்னை உட்டுட்டு ஆவுது."

ஏலம் முடிந்ததும் ஏலக்காரரிடமே கேட்டேன். "அண்ணே, வாட்ச் என்ன காட்டினா என்ன? முன்னாடி மாதிரியே சொல்ல வேண்டியதுதான?"

"எப்பிடி சார் சொல்றது? முன்ன அது ஒண்ணும் சொல்லல, நான் சொன்னன். இப்ப அது சொல்லுது. பாத்துட்டன். பாத்தப்புறம் இல்லன்னு எப்பிடி சொல்றது?"

"அப்ப பாக்காதீங்க."

"பாக்காம சொன்னா எவன் ஒத்துக்குவான்?"

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. மனைவி போய்த் திறந்துவிட்டு உள்ளே வந்தாள். "ஏங்க, யாரோ ஒருத்தர் கையில அடிபட்டு வந்திருக்காரு. கூட ஒரு பெட்டி தக்காளி இருக்கு."

அவர்தான். இடது கையைத் துண்டால் மடித்துக் கழுத்தோடு கட்டியிருந்தார். நான் பதறிப்போய் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"கைக்கு ஒண்ணும் ஆவல. ஆடாம இருக்கறதுக்குக் கட்டிகீறன்."

ஆட்டோமேட்டிக் வாட்ச் கை ஆடினால் ஓடும், ஆடாவிட்டால் ஒன்றரை நாளில் நின்றுவிடும் என்று நான்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அவர் தொழில் கையை ஆட்டுவது. ஏலம் கூவ ஆரம்பித்தால் இரண்டு கையும் காற்றில்தான் இருக்கும். வாட்ச்சுக்கு அதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது. ஆகவே கையைக் கட்டிக்கொண்டு ஏலம் விட்டிருக்கிறார். ஒற்றைக் கையால் காட்டியதில் எந்தப் பெட்டி எவருக்கு என்று குழப்பமாகி இரண்டு வியாபாரிகள் சண்டை போட்டுக்கொண்டார்கள். மூன்றாம் நாள், அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்று பேரிகை வரைக்கும் செய்தி போய்விட்டது. மாமனார் யாத்திரையில் இருந்தார். அவருக்கும் சொல்லியனுப்பிவிட்டார்களாம்.

"கழட்டி வச்சா நின்னுடுமே?" என்றாள் என் மனைவி.

"கழட்டி வச்சன்மா. பொழுதுக்கும் வீட்ல எலியோ பசங்களோ தொட்டு ஆட்டிடறாங்க. காலைல பாத்தா ஓடுது." அவர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்கதான் ஓட வச்சீங்க. நீங்களே நிறுத்திக் குடுங்க."

உள்ளே ஒரு சக்கரத்தை எடுத்துவிட்டால் போதும், அது நின்றுவிடும். எனக்கு அது இரண்டு நிமிட வேலை. வாட்ச்சைத் திறந்து லென்ஸை மாட்டினேன். உள்ளே பேலன்ஸ் சக்கரம் அழகாக முன்னும் பின்னும் ஊசலாடிக்கொண்டிருந்தது. இடுக்கியைக் கொண்டுபோனேன். கை வரவில்லை. மறுபடி கொண்டுபோனேன். வரவில்லை. அவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன சார்?"

"நல்லா ஓடுறதை எப்படிண்ணே நிறுத்துறது?"

"என் பொழப்பு நிக்குதே, அது பரவால்லியா?"

என் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தக்காளிப் பெட்டியை அடுக்களைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அப்போது எனக்கு அந்த யோசனை வந்தது. அதை யோசனை என்று சொல்லக் கூசுகிறது. வாட்ச்சை நிறுத்த வேண்டாம், கெடுத்துவிடலாம் என்று நினைத்தேன். காந்தம் ஏற்றிவிட்டால் தப்பான நேரம் காட்டும். தப்பு என்று தெரிந்த வாட்ச்சை அவர் மதிக்க வேண்டியதில்லை. வேண்டும்போது பெட்டியில் வைத்துக் காந்தத்தை இறக்கிக்கொள்ளலாம், வாட்ச்சுக்கும் சேதம் இல்லை. அவர் சரி என்றார். மறுநாள் தொழிற்சாலையில் காந்த மேசைக்கு ஒரு முழம் தள்ளி வைத்து எடுத்தேன். ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் முந்தியது. கொண்டுபோய்க் கொடுத்து, "இனிமே இது பொய்தான் சொல்லும், நீங்க கண்டுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் லீவு போட்டேன். போய்ப் பார்த்தால் மதியம் பன்னிரண்டரைக்கு மண்டியில் கூட்டம். பாதிப் பேர் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றிருந்தார்கள். முதல் நாள் இரண்டு நாற்பதுக்கு ஏலம் நடந்திருக்கிறது. மறுநாள் இரண்டு மணிக்கு. அதற்கு மறுநாள் ஒன்று இருபதுக்கு. விவசாயிகள் அதைப் புரிந்துகொண்டு தினமும் நாற்பது நிமிடம் முன்னதாக வந்துகொண்டிருந்தார்கள். பேரிகை அம்மா காலை பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். இப்படியே போனால் பொங்கலுக்கு மண்டி முந்தின நாளுக்குப் போய்விடும் என்று ஒரு லாரிக்காரர் சொன்னார். அவரும் சிரிக்கவில்லை.

"பொய் சொல்லும்னு சொன்னேனேண்ணே" என்றேன் ஏலக்காரரிடம்.

"சொன்னீங்க. ஆனா ஓடுதே சார்" என்றார் பரிதாபமாக.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து மொட்டைத் தலையோடு, நெற்றியில் பெரிய நாமத்தோடு ஒரு முதியவர் இறங்கினார். கையில் ஒரு தைல பாட்டில். மாமனார். யாத்திரையை முடித்துக்கொண்டு நேராக வந்திருந்தார். பக்கவாதம் என்று கேள்விப்பட்டவர், மருமகன் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு என்னோடு பேசுவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"மாப்ள, கை?"

"நல்லா கீது மாமா." அவர் உடனே பழக்க தோஷத்தில் இடது கையை நீட்டிக் காட்டினார்.

மாமனார் வாட்ச்சைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். சிவப்பு நுனி முள் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது ஓடுமா?" என்றார்.

மருமகன் கையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நான் குடுத்தப்ப ஓடலியே" என்றார் மெதுவாக. சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது அவருக்கே கேட்டது போல. தைல பாட்டிலை ஒரு தக்காளிப் பெட்டி மேல் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு ஸ்விஸ் வாட்ச் போடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம். கிடைத்தது இதுதான். ஓடவில்லை என்று தெரிந்தேதான் போட்டிருக்கிறார். மருமகன் என்றைக்காவது கேட்பான் என்று இருபத்திரண்டு வருடமாக மாதம் தவறாமல் வந்து கையைப் பார்த்திருக்கிறார். கழற்றாமல் கட்டியிருக்கிறான், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கவலையில்தான் யாத்திரைக்கே போனேன் என்றார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் மாமா" என்றார் ஏலக்காரர். "மணவறைலயே பாத்துட்டன்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா உங்களுக்கு சங்கட்டம்."

பக்கத்தில் நின்ற பேரிகை அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் அந்த இடத்தில் இருவரும் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். மாமனார் எழுந்து, "ஓடறதுன்னா நானே கட்டிக்கறன், கழட்டு" என்றார்.

மருமகன் ஒரு விநாடி தாமதிக்கவில்லை. அப்படி ஒரு வேகத்தில் யாரும் வாட்ச் கழற்றி நான் பார்த்ததில்லை. நான் அதை வாங்கி, ஒரு நாள் அவகாசம் கேட்டுக் காந்தத்தை இறக்கி, மறுநாள் ஷிப்ட் முடிந்து பேரிகைக்கே கொண்டுபோய் மாமனார் கையில் கட்டிவிட்டேன். இனி அது எனக்குக் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. அந்த முதியவர் அன்றிலிருந்து கறாரான ஆளாகிவிட்டார். பேரிகை பஸ் நிறுத்தத்தில் போய் நின்று, வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் டிரைவருக்கும் எத்தனை நிமிடம் தாமதம் என்று வாட்ச்சைக் காட்டிச் சொல்வாராம். டிரைவர்கள் கொஞ்ச நாளில் அவர் நிற்கிற இடத்தைத் தாண்டிப் போய் நிறுத்த ஆரம்பித்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மண்டியில் எல்லாம் பழையபடி ஆயிற்று. ஏலக்காரர் வெளுத்த தோலைப் பார்த்து ஏலம் விட்டார். லாரி வந்து, பேரிகை அம்மா இறங்கிய பிறகு மூணு இருபது ஆனது. ஆனால் மூன்று மாதம் வெயிலில் அலைந்ததில் அந்த இடமும் கறுத்து மற்ற தோலோடு ஒன்றாகிவிட்டது. ஒரு நாள் கையை உயர்த்திப் பார்த்திருக்கிறார். அங்கே ஒன்றும் இல்லை. புதிதாக வந்த ஒரு வியாபாரி, "எதைப் பாத்து சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டாராம். அன்று ஏலம் தொடங்க முக்கால் மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது.

ஏலக்காரர் மறுநாளே ஓசூருக்கு வந்தார். எனக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிப்ட். அன்று லீவு சொல்லிவிட்டு அவரோடு கிளம்பினேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு வாட்ச் கடைக்குப் போனோம். என்னுடைய பதினொன்றில் ஒன்றைத் தருவதாகச் சொல்லிப் பார்த்தேன். "வேணாம் சார். உங்க கைல இருந்தது என்னிக்காவது ஓடும்" என்றார்.

கடைக்காரர் புது பேட்டரி வாட்ச்சுகளை வரிசையாக எடுத்து வைத்தார். ஏலக்காரர் பெரிய முகப்பாக ஒன்றைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்றார்.

"நல்ல மாடல்ங்க. ஒரு மாசத்துக்குப் பத்து செகண்டுதான் வித்தியாசம் வரும்" என்றார் கடைக்காரர்.

"பேட்டரிய எடுத்துடுங்க."

"புது பேட்டரிதான்ங்க. மாத்த வேண்டியதில்ல."

"மாத்த சொல்லல. எடுத்துட்டு, மூணு இருபதுல வச்சுக் குடுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "ஓடாதுங்க" என்றார் அவர், எங்களுக்குப் புரியும்படி.

"அதான் வேணும்."

"வாரண்டி போயிடும்ங்க."

"ஓடாததுக்கு என்னாத்துக்கு வாரண்டி?"

கடைக்காரர் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். பிறகு பின்மூடியைத் திறந்து பேட்டரியை எடுத்தார். ஒரு பேப்பர் கவரில் போட்டு அதையும் கொடுத்தார். இதை யாருக்கும் சொல்லாதீர்கள் என்கிற மாதிரி மெல்லிய குரலில், "எப்ப வேணா கொண்டாங்க, போட்டுத் தர்றன்" என்றார்.

ராயக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் புது வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. பஸ் ஊரைத் தாண்டியதும் முன் சீட்டில் இருந்த ஒருவர் திரும்பினார். அந்தப் பளபளக்கும் பெரிய முகப்பைப் பார்த்து, "மணி என்னங்க?" என்று கேட்டார்.

ஏலக்காரர் வாட்ச்சை நிதானமாகப் பார்த்தார். "தெரியலிங்களே" என்றார்.

அவர் ஏலக்காரரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் சட்டைக் கையை மேலே ஏற்றி, காலையில் சாவி கொடுத்த என் வாட்ச்சைப் பார்த்தேன். "ஒண்ணே முக்கால். இது கால் மணி நேரம் முந்தும். ஆனா நேத்து நின்னு ஓடுச்சு, அதையும் கூட்டினா..." என்று ஆரம்பித்தேன்.

அவர் எழுந்து கண்டக்டரிடம் போய்விட்டார்.